கான்ஃபரன்ஸ் பெயர் களத்தில் ஓடுமா?

2012 ஏப்ரலில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி கொஞ்சம் அவசரப்பட்டது. கையில் இருந்தது நான்காவது இடம். ஒரே ஒரு படி மேலே ஏறுவதற்காக, பிந்தைய சுற்றுகளில் தனக்கிருந்த மூன்று தேர்வுகளை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது ஆளாக ட்ரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்தது. அலபாமா பல்கலைக்கழகத்துக்காரர், முந்தைய சீசனில் 1,679 யார்டு ஓடியவர். அவர் ஆடிவந்த எஸ்இசி, அதாவது தென்கிழக்கு கான்ஃபரன்ஸ், கல்லூரிக் கால்பந்தில் ஆகக் கடுமையான தடுப்பாட்டத்துக்குப் பெயர் போனது. அங்கேயே முட்டி மோதி வந்தவருக்குத் தொழில்முறை ஆட்டம் என்ன பெரிது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அதே டிராஃப்டில் ஆறாவது சுற்றில், 173ஆவது ஆளாக, ஆல்ஃபிரட் மாரிஸ் என்பவரை வாஷிங்டன் எடுத்தது. ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம், சன் பெல்ட் கான்ஃபரன்ஸ். கல்லூரிக் கால்பந்தை விடாமல் பார்ப்பவர்களே அந்த கான்ஃபரன்ஸின் அணிகளை வரிசையாகச் சொல்லத் திணறுவார்கள். முதல் ஆண்டில் மாரிஸ் ஓடியது 1,613 யார்டு. ரிச்சர்ட்சன் 950. விலா எலும்பிலும் முழங்காலிலும் அடி வாங்கிய நிலையில் ரிச்சர்ட்சன் ஆடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை பந்தைத் தூக்கியபோதும் அவருக்குச் சராசரியாகக் கிடைத்த 3.6 யார்டு, அடுத்த ஆண்டுகளில் உடம்பு தேறிய பிறகும் ஏறவில்லை.

இந்த இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு கான்ஃபரன்ஸ் என்பது வெறும் மாயை என்று எழுதிவிடலாம். எதிர்ப்பக்கம் இருப்பவர் உடனே டெரிக் ஹென்றியை எடுத்துப் போடுவார். அவரும் அலபாமாதான், 2020இல் என்எஃப்எல்லில் 2,027 யார்டு ஓடினார். இப்படி ஆளுக்கு ஆள் பெயர் சொல்லிக்கொண்டு போனால் விவாதம் விடிய விடிய நடக்கும். கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, முன்வரிசை வீரர்கள் திறந்துவிடும் சந்துக்குள் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து, பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளும். எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி, 2024இல் கலைந்துபோன பாக்-12 ஆகியவை பெரிய குழுக்கள். மேக், சன் பெல்ட், மவுன்டன் வெஸ்ட் போன்றவை அடுத்த தட்டு. ரஞ்சிக் கோப்பையின் பிளேட் பிரிவில் ஒருவர் அடித்த இரட்டைச் சதத்தை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோமோ, அந்தக் கண்ணால்தான் அமெரிக்க ரசிகர் மேக் கான்ஃபரன்ஸின் 1,500 யார்டைப் பார்க்கிறார்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2010 முதல் 2024 வரை பதினைந்து சீசன்களில் என்எஃப்எல்லில் அதிக யார்டு ஓடியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எஸ்இசியிலிருந்து வந்தவர்கள் நான்கு முறை முதலிடம்: டென்னஸியின் ஏரியன் ஃபாஸ்டர் ஒரு முறை, ஹென்றி இரண்டு முறை, அலபாமாவின் இன்னொரு வீரர் ஜாஷ் ஜேகப்ஸ் ஒரு முறை. பிக் டென்னுக்கும் நான்கு: ஒஹாயோ ஸ்டேட்டின் எஸிக்கியல் எலியட் இரண்டு முறை, விஸ்கான்சினின் ஜானதன் டெய்லர், பென் ஸ்டேட்டின் சேக்வான் பார்க்லி. பிக் 12இலிருந்து மூன்று. அந்த மூன்றும் ஓக்லஹாமா வீரர்கள், ஏட்ரியன் பீட்டர்சன் இரு முறையும் டிமார்கோ மர்ரே ஒரு முறையும். பசிபிக் கரையின் யுசிஎல்ஏவுக்கும் ஸ்டான்ஃபர்டுக்கும் ஆளுக்கொன்று. பழைய பிக் ஈஸ்டில் ஆடிய பிட்ஸ்பர்க்கின் லீஷான் மெக்காய்க்கு ஒன்று. மிச்சமிருக்கும் ஒன்று, 2017இல், மேக் கான்ஃபரன்ஸின் டொலிடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கரீம் ஹன்ட்டுக்கு. இவர்களில் ஃபாஸ்டரை டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவே இல்லை.

இந்தப் பட்டியலில் பிக் டென்னோடு சேர்ந்து எஸ்இசியும் முன்னணியில் இருப்பது போலத் தெரிந்தாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2007 முதல் ஒவ்வொரு ஆண்டும் டிராஃப்டில் அதிக வீரர்களை அனுப்புவது எஸ்இசிதான். நிறையப் பேரை அனுப்பும் இடத்திலிருந்து நிறையப் பேர் மேலே வருவதில் அதிசயமில்லை. உயர்நிலைப் பள்ளியிலேயே தலைசிறந்தவர்களைப் பொறுக்கி எடுக்கும் கல்லூரிகள் அங்கே இருக்கின்றன. அந்தப் பையன்கள் டொலிடோவில் சேர்ந்திருந்தாலும் நன்றாகவே ஆடியிருப்பார்கள் என்று வாதிடலாம். கான்ஃபரன்ஸ் ஆளை உருவாக்கியதா, உருவான ஆளை அது அள்ளிக்கொண்டதா என்பதுதான் முடிச்சு. வெறும் எண்ணிக்கையால் அது அவிழாது.

அதனால் இந்த ஆய்வுக்கு எனக்குப் பிடித்த களம் 2008 டிராஃப்ட். அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே ஐந்து ரன்னிங் பேக்குகள் போனார்கள். நான்காவது இடத்தில் ஆர்க்கன்சாவின் டேரன் மக்ஃபேடன், 13இல் ஆரகனின் ஜானதன் ஸ்டூவர்ட், 22இல் மறுபடி ஆர்க்கன்சா, ஃபீலிக்ஸ் ஜோன்ஸ். 23இல் இல்லினாயின் ரஷார்ட் மென்டன்ஹால். 24இல் கிறிஸ் ஜான்சன். இவர் ஈஸ்ட் கேரலைனாக்காரர். ஆடியது கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ என்ற இரண்டாம் தட்டுக் குழுவில். இவ்வளவு சீக்கிரம் இவரை எடுத்த டென்னஸி டைட்டன்ஸ் அணியைப் பலர் கேலி செய்தார்கள். 40 யார்டை 4.24 விநாடியில் ஓடினார், சரி. ஆனால் அவர் யாரை எதிர்த்து ஓடினார் என்று கேட்டார்கள்.

ஜான்சன் முதல் ஆண்டிலேயே 1,228 யார்டு ஓடினார். இரண்டாம் ஆண்டில் 2,006. என்எஃப்எல் வரலாற்றில் ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டியவர்கள் 2024 வரை ஒன்பது பேர்தான். அவர்களில் அவர் ஒருவர். இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட மேட் ஃபோர்ட்டேயும் அதே கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏதான், டுலேன் பல்கலைக்கழகம். ஓடுவதோடு பாஸ் பிடிப்பதிலும் கெட்டிக்காரரான அவர் பல ஆண்டுகள் சிகாகோவின் முதுகெலும்பாக இருந்தார். மூன்றாம் சுற்றில், 73ஆவதாகப் போன டெக்சஸின் ஜமால் சார்ல்ஸ், தன் ஆட்ட வாழ்வு முழுக்க ஓட்டத்துக்குச் சராசரி 5.4 யார்டு எடுத்தார். ஆயிரம் முறைக்கு மேல் பந்தைச் சுமந்த ரன்னிங் பேக்குகளில் அதுவே உச்சம்.

இப்போது ஆர்க்கன்சாவுக்குத் திரும்புவோம். மக்ஃபேடனும் ஜோன்ஸும் ஓடிய அதே அணியில், பெரும்பாலும் அவர்களுக்கு வழி திறந்துவிடும் ஃபுல்பேக்காக, பேய்டன் ஹில்லிஸ் என்றொருவர் இருந்தார். ஏழாவது சுற்றில், 227ஆவது ஆளாகப் போனார். ஒரே கல்லூரி, ஒரே கான்ஃபரன்ஸ், ஒரே பயிற்சியாளர், ஒரே எதிரிகள். 2010 சீசனில் மக்ஃபேடன் 1,157 யார்டு ஓடினார். அதுதான் அவருடைய மிகச் சிறந்த ஆண்டு. ஹில்லிஸ் 1,177. ஜோன்ஸ் ஒரு சீசனிலும் ஆயிரத்தைத் தொடவே இல்லை. கான்ஃபரன்ஸ் என்ற ஒற்றைக் காரணி ஆளைத் தயார்செய்கிறது என்றால் இந்த மூவரின் கதையும் ஏதாவது ஓர் ஒழுங்கில் அமைந்திருக்க வேண்டும். அமையவில்லை.

எஸ்இசி தரப்பு வாதத்தை அதற்காக அப்படியே தள்ளிவிட முடியாது. அதன் சாரம் இது: அங்கே எதிரில் நிற்பவர்களில் பாதிப்பேர் நாளைய என்எஃப்எல் வீரர்கள், சந்து திறந்த மாத்திரத்தில் மூடிவிடும், அந்த வேகத்துக்குக் கண் பழகியவருக்குத் தொழில்முறை ஆட்டம் புதிதாக இருக்காது. நியாயமான வாதம்தான். ஆனால் அது தடுப்பவர்களை மட்டும் பார்க்கிறது. பந்துக்காரருக்கு முன்னால் நின்று இடிப்பவர்களும் அதே எஸ்இசியின் பொறுக்கியெடுத்த ஆட்களே. 2011இல் ரிச்சர்ட்சனுக்கு வழிவிட்ட அலபாமா முன்வரிசையில் சான்ஸ் வார்மாக்கும் டி.ஜே. ஃப்ளூக்கரும் இருந்தார்கள். 2013 டிராஃப்டில் ஒருவர் 10ஆவது, மற்றவர் 11ஆவது. அவர்களோடு நின்ற பாரட் ஜோன்ஸ் 2011இன் சிறந்த முன்வரிசை வீரருக்கான அவுட்லண்ட் விருதை வாங்கினார். இந்த மூவர் திறந்துவிட்ட சந்தில் முதல் ஐந்து யார்டு வரை ரிச்சர்ட்சனை யாரும் தொடாத ஓட்டங்கள் ஏராளம். சந்து இல்லாத இடத்தில் சந்தைத் தேடும் வேலை அவருக்குக் கல்லூரியில் அதிகம் வாய்க்கவில்லை.

அது எங்கே வெளிச்சத்துக்கு வந்தது என்றால் இண்டியானாபொலிஸில். 2013 செப்டம்பரில் பிரவுன்ஸ் அவரை கோல்ட்ஸுக்குக் கைமாற்றிவிட்டு, பதிலுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கிக்கொண்டது. (அந்தத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அடுத்த ஆண்டு ஜானி மன்ஸியலை எடுத்தார்கள். கிளீவ்லாண்ட் ரசிகர்களின் பொறுமையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.) கோல்ட்ஸில் அந்த சீசனில் ரிச்சர்ட்சன் 157 முறை ஓடி 458 யார்டு எடுத்தார், சராசரி 2.9. அதே அணியில், அதே முன்வரிசைக்குப் பின்னால், கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டொனல்ட் பிரவுன் 102 முறை ஓடி 537 யார்டு எடுத்தார், சராசரி 5.3. கனெக்டிகட் கால்பந்தில் பெரிய பெயரில்லாத இடம். பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் பொறுத்து, எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து வெட்டித் திரும்பும் பார்வை பிரவுனிடம் இருந்தது. ரிச்சர்ட்சன் திறக்கப்போகும் இடத்துக்குப் போகாமல், வரைபடத்தில் காட்டிய இடத்துக்கே போய் தன் முன்வரிசைக்காரரின் முதுகில் மோதிக்கொண்டிருந்தார்.

கடினமான தடுப்பும் கெட்டியான முன்வரிசையும் ஒரே கான்ஃபரன்ஸில் சேர்ந்தே கிடைப்பதால், பெரிய அணிகளின் ரன்னிங் பேக்குகளுக்கு ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிடுகிறது. எஸ்இசியின் கடைசி இடத்து அணியில் ஓடியவருக்கு அந்த ஈடு கிடைக்காது. அவர் பட்ட பாடு வேறு. கான்ஃபரன்ஸ் பெயர் இந்த இருவரையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. என் கணிப்பில் இந்த விவாதத்தின் அடிப்படைக் கோளாறு அதுதான்.

அப்படியானால் தயார்நிலை என்பது எது? ஓடுவதைவிட, ஓடாதபோது செய்வதில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது. என்எஃப்எல் பயிற்சியாளர் புதிய ரன்னிங் பேக்கைப் பார்த்துப் பயப்படுவது மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாம் முயற்சியில். பாஸ் வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும். எதிரணியின் லைன்பேக்கர்களில் இருவர் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒருவர் பாய்வார், ஒருவர் பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்குவார். யார் பாய்வார் என்பதைப் பந்து அசைவதற்கு முன்பே கணித்து, பாய்ந்தவரின் மார்பில் தோளைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். இந்த வேலையைக் கல்லூரியில் செய்து பழகினாரா என்பது அவருடைய பயிற்சியாளர் எந்த வகை ஆட்டம் ஆடினார் என்பதைப் பொறுத்தது. பந்தை உடனுக்குடன் வீசிவிடும் விரிந்த அமைப்புகளில் ரன்னிங் பேக்குக்கு இந்தச் சுமை குறைவு. பந்தை வாங்கியதுபோல் பாசாங்கு செய்துவிட்டு ஓடினால் போதும்.

ஒரே கான்ஃபரன்ஸுக்குள் இந்த வேறுபாடு எவ்வளவு விரிந்திருந்தது என்பதற்கு பாக்-12 நல்ல சாட்சி. ஆரகனில் சிப் கெல்லியின் மின்னல் வேக ஆட்டத்தில் லமைக்கல் ஜேம்ஸ் 2010இல் நாட்டிலேயே அதிகமாக, 1,731 யார்டு ஓடினார். சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டாம் சுற்றில் எடுத்தது. என்எஃப்எல்லில் அவர் எடுபடவில்லை. உருவமும் சிறியது என்பது உண்மை. ஸ்டான்ஃபர்டு அதே குழுவில் இருந்துகொண்டே பழைய பாணியில், தொழில்முறை அணி போலவே ஆடியது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2015இல் அங்கே ஓட்டம், பாஸ், திருப்பியோட்டம் எல்லாம் சேர்த்து 3,864 யார்டு எடுத்து, பாரி சாண்டர்ஸின் 3,250 சாதனையை முறியடித்தார். கல்லூரியில் என்ன வேலைகள் செய்தாரோ அவற்றைத்தான் இன்றுவரை சம்பளத்துக்குச் செய்கிறார். இருவரையும் "பாக்-12 ரன்னிங் பேக்" என்று சொல்வதில் என்ன தகவல் இருக்கிறது?

இன்னொரு வேறுபாடு எந்த கான்ஃபரன்ஸுக்கும் பொது. மைதானத்தின் அகலம் இரண்டு இடத்திலும் 160 அடி. ஆனால் பந்து வைக்கும் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓர் ஓரத்துக் கோட்டில் இருந்தால் மறுபக்கம் 100 அடி வெட்டவெளி. அதில் சுற்றி ஓடி எல்லாரையும் முந்தியவர், வெளி சுருங்கிய என்எஃப்எல்லில் திரும்பிப் பார்ப்பதற்குள் பிடிபடுகிறார். வேகத்தை மட்டும் நம்பியவர்கள் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் ஆடிய கான்ஃபரன்ஸ் எதுவானாலும் சரி.

கல்லூரியோடு ஒட்டிக்கொண்ட முத்திரைகளும் இப்படித்தான் தேய்ந்திருக்கின்றன. பிளேர் தாமஸ், கீ-ஜானா கார்ட்டர், கர்டிஸ் ஈனிஸ் என்று டிராஃப்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் போன மூவர் அடுத்தடுத்துச் சறுக்கியதால், பென் ஸ்டேட் ரன்னிங் பேக் என்றாலே 1990களில் முகம் சுளித்தார்கள். கார்ட்டருக்கு முதல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு லாரி ஜான்சன் வந்தார், பார்க்லி வந்தார்; பேச்சு அடங்கியது.

பார்க்லி இந்தக் கேள்விக்கு வேறொரு விதத்திலும் பயன்படுகிறார். 2023இல் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு ஆடியபோது அவர் சராசரி 3.9 யார்டு. 2024இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனதும் 5.8, மொத்தம் 2,005 யார்டு. மர்ரே இதற்கு நேர்மாறு: 2014இல் டாலஸின் முன்வரிசைக்குப் பின்னால் 1,845, அடுத்த ஆண்டு வேறு அணியில் 702. ஒரே வீரர், ஒரே கல்லூரிப் பின்னணி. மாரிஸ் 1,613 ஓடியதிலும் வாஷிங்டனின் பயிற்சியாளர் மைக் ஷானஹனுக்குப் பங்கு உண்டு. 1990களில் டென்வரில் இதே ஷானஹனிடம்தான் ஆறாம் சுற்றில் வந்த டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடினார். முன்வரிசை முழுவதும் ஒரே திசையில் நகர, பொறுத்திருந்து ஒரே ஒரு வெட்டில் திரும்புபவர்களைத் தேடி எடுக்கும் பழக்கம் அவருடையது. கல்லூரி அணியின் பெயர்ப்பலகையை அவர் பெரிதாகப் பார்க்கவில்லை. தொழில்முறை அணியின் முன்வரிசையும் ஆட்டமுறையும் இந்த அளவுக்கு எண்களைப் புரட்டிப் போடும்போது, நான்கு ஆண்டுக்கு முந்தைய கான்ஃபரன்ஸின் சாயலை அதே எண்களில் தேடுவது வீண் வேலை.

கான்ஃபரன்ஸுக்கு மதிப்பே இல்லையா என்றால், இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வாய்ப்பு. பெரிய கான்ஃபரன்ஸ் வீரர் சீக்கிரம் எடுக்கப்படுகிறார். சீக்கிரம் எடுக்கப்பட்டவருக்கு அணி பொறுமை காட்டுகிறது. முதல் ஆண்டில் ரிச்சர்ட்சன் கையில் பந்தை 267 முறை கொடுத்தார்கள். ஏழாம் சுற்றுக்காரருக்கு 3.6 யார்டு சராசரியில் அத்தனை வாய்ப்பு கிடைத்திருக்காது. இரண்டாவது, கல்லூரி எண்களை எடைபோடும்போது. சிறிய கான்ஃபரன்ஸில் ஆடிய சான் டியேகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரி 6,405 யார்டோடு கல்லூரிச் சாதனையை எட்டினார். எடை 80 கிலோதான். என்எஃப்எல்லில் காலூன்றவே முடியவில்லை. ஆனால் அதே சான் டியேகோ ஸ்டேட்தான் என்எஃப்எல்லில் கொடிகட்டிப் பறந்த மார்ஷல் ஃபாக்கை அனுப்பியது. பம்ஃப்ரிக்கு முன் சாதனையை வைத்திருந்த ரான் டேன் பிக் டென்னின் விஸ்கான்சின்காரர். அவரும் என்எஃப்எல்லில் ஒரு சீசனிலும் ஆயிரம் தொடவில்லை. எனவே சிறிய கான்ஃபரன்ஸின் மொத்த யார்டைத் தள்ளுபடி செய்யலாம்; ஆளைத் தள்ளுபடி செய்யக் கூடாது.

ஆளைப் பார்க்க எளிய வழி, அவர் பெரிய அணிகளோடு ஆடிய சில ஆட்டங்கள். பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2024இல் 2,601 யார்டு ஓடினார். 1988இல் சாண்டர்ஸ் வைத்த 2,628க்கு 27 யார்டு குறைவு. அதில் பெரும்பகுதி மவுன்டன் வெஸ்ட் அணிகளுக்கு எதிரானது. ஆரகனுக்கு எதிராக அதன் சொந்த மைதானத்தில் 25 ஓட்டங்களில் 192 யார்டு எடுத்தார். பென் ஸ்டேட்டோ அவரை 30 ஓட்டங்களில் 104இல் நிறுத்தியது; பாய்சியின் முன்வரிசை அன்று தாக்குப்பிடிக்கவில்லை. இந்த இரண்டு ஆட்டங்களின் காட்சிப்பதிவும் அவருடைய சீசன் மொத்தத்தைவிட அதிகம் சொல்லும். ரெய்டர்ஸ் அணி அவரை ஆறாவது ஆளாக எடுத்தது.

இனி இந்தக் கேள்வியைக் கேட்பதே சிக்கலாகப் போகிறது. 2024இல் டெக்சஸும் ஓக்லஹாமாவும் எஸ்இசிக்கு மாறின. ஆரகனும் யுஎஸ்சியும் பிக் டென்னுக்குப் போயின. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபர்டு இப்போது அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏசிசியில் ஆடுகிறது. வீரர்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2021 முதல் ஓராண்டு காத்திராமலே கல்லூரி மாறலாம் என்று விதி தளர்ந்தது. கென்னத் வாக்கர் ஏசிசியின் வேக் ஃபாரஸ்டில் 2020இல் ஓட்டத்துக்கு 4.9 யார்டு எடுத்தார். தடுப்பாட்டம் இன்னும் கடுமை என்று பேர்பெற்ற பிக் டென்னின் மிஷிகன் ஸ்டேட்டுக்கு மாறிய அடுத்த ஆண்டே 6.2; மொத்தம் 1,636. கான்ஃபரன்ஸ் கடுமையானால் எண் குறைய வேண்டும் என்ற கணக்கு அங்கே தலைகீழானது.

கேம் ஸ்கட்டபோ இன்னும் வேடிக்கை. 2022இல் சாக்ரமெண்டோ ஸ்டேட்டில், பிக் ஸ்கை என்ற கீழ்த்தட்டுக் குழுவில் ஆடினார். 2023இல் அரிஸோனா ஸ்டேட்டுக்கு மாறி பாக்-12 வீரரானார். 2024இல் அவர் இருந்த இடத்திலேயே இருக்க, கல்லூரி பிக் 12க்குப் பெயர்ந்தது. அந்த ஆண்டு 1,711 யார்டு ஓடி, பாஸ் பிடித்து இன்னும் 605 எடுத்தார். 2025 புத்தாண்டு நாளில் பீச் பௌலில், எஸ்இசி அணியாகிவிட்ட டெக்சஸுக்கு எதிராக 143 யார்டு ஓடி, 99 யார்டு பாஸ் பிடித்து, தானே 42 யார்டு டச்டவுன் பாஸும் வீசினார். இரண்டு கூடுதல் நேரம் வரை இழுத்து அரிஸோனா ஸ்டேட் தோற்றது. நான்கு மாதம் கழித்து ஜயண்ட்ஸ் அவரை எடுத்தது நான்காவது சுற்றில், 105ஆவது ஆளாக.